வாளி நிறையக் கறிபப்

1

வைகாசியில் நான் ஊருக்கு வரப்போகிறேன் என்று ரெட்டியார்சத்திரத்தில் தொடங்கிச் செம்பட்டி வரைக்கும் பேச்சாகிவிட்டதாம். திண்டுக்கல் பஸ்ஸில் என் சின்னம்மா மகளை யாரோ ஒருத்தி பிடித்துக்கொண்டு, "பினாங்குக்காரி வாராளாமே, எனக்கு ஒரு தலைவலித் தைலம் வாங்கியாரச் சொல்லு" என்று சொன்னாளாம். அந்த மகராசி யாரென்று எனக்குத் தெரியாது. தைலம் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நான் வருகிறேன் என்று சொன்னது யார்? நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. ஒரு பித்தளைத் தூக்குவாளி சொல்லியிருக்கிறது.

சிரிக்காதீர்கள். விஷயம் சிரிப்பில் முடியவில்லை.

கல்யாணமாகி நான் கப்பலேறிப் பதினேழு வருஷம் ஆகிவிட்டது. ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் வந்ததில்லை. அம்மா இறந்த சேதி இங்கே வந்து சேர்ந்தபோது அங்கே காரியமே முடிந்திருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே அழுதேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் அழுதபடியே பொரித்தும் எடுத்தேன். அதனால் வைகாசியில் வருகிறேன் என்று ஒரு பேச்சு கிளம்பியதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, கறிபப் கறிபப் என்கிறாயே, அது என்ன பண்டம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வாளியின் கதையும் அந்த வழியில்தான் வருகிறது.

2

எங்கள் கடை என்று வாய் சொல்லுமே தவிர அது எங்கள் கடை இல்லை. ஒரு சீன முதலாளியின் கோப்பிக்கடை. வாசலில் இருக்கிற கண்ணாடிப் பெட்டி மட்டும் எங்களுடையது. பெட்டிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நிற்பார். கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத சமையலறையில் நான் நிற்பேன். அவர் நாள் முழுக்க ஜனங்களைப் பார்ப்பார். நான் நாள் முழுக்க மாவைப் பார்ப்பேன். பினாங்கு அழகான ஊராமே என்று எழுதிக் கேட்கிறீர்கள். இருக்கலாம். என் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன்.

கறிபப்பைப் பார்த்தால் சோமாசி என்றுதான் நினைப்பீர்கள். அதே அரைவட்டம், அதே ஓரத்துப் பின்னல். கடித்தால்தான் வித்தியாசம். உள்ளே பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் கிடையாது. உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, வெங்காயம் வதக்கி, கறிப்பொடி போட்டுப் புரட்டி எடுத்த காரப் பூரணம். கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் கோழிக்கறியும் கால் முட்டையும் உள்ளே இருக்கும். மேல்தோல் ஏடு ஏடாக, நத்தை ஓட்டைப் போலச் சுருள் சுருளாக நிற்கும். கடித்ததும் சட்டையெல்லாம் தூள் கொட்டும். கொட்டவில்லை என்றால் அன்றைக்கு மாவு பிசைந்தவள் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

அந்த ஏட்டுக்கு இரண்டு மாவு வேண்டும். ஒன்று தண்ணீர் விட்டுப் பிசைந்தது. இன்னொன்று தண்ணீரே காட்டாமல் கொழுப்பு மட்டும் சேர்த்துப் பிசைந்தது. தண்ணீர் மாவுக்குள் கொழுப்பு மாவை வைத்து மூடி, தேய்த்து, பாய் மாதிரிச் சுருட்டி, மறுபடி தேய்த்து, மறுபடி சுருட்டி, துண்டு போட வேண்டும். துண்டின் முகத்தில் வட்டம் வட்டமாகக் கோடு தெரியும். அதைத் தட்டையாக்கித்தான் பூரணம் வைப்பது. எண்ணெயில் போட்டதும் தண்ணீர் மாவில் இருக்கிற ஈரம் ஆவியாகி ஏட்டைத் தூக்கும். கொழுப்பு மாவு ஏட்டோடு ஏடு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். இந்த ஆவி விவரமெல்லாம் எனக்கு என் மகள் வசந்தா சொன்னது. பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் மனையியல் படிக்கிறாள். அது வரைக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம், இப்படிச் செய்தால் வரும், அப்படிச் செய்தால் வராது என்பதுதான். அவள் சொன்னபோது, இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவரின் பெயரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம்.

இதை முதலில் செய்தது யார் என்று கேட்டால் சண்டைதான். நம்ம சோமாசியைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்பார் என் வீட்டுக்காரர். சுருட்டிச் சுருட்டி ஏடு எடுக்கிற வேலை சீனப் பலகாரத்தில் அந்தக் காலத்திலிருந்தே உண்டு என்பார் கோப்பிக்கடை முதலாளி. தினமும் காலையில் நாலு வாங்குகிற மலாய்க்காரப் போலீஸ்காரர், எங்கள் பாட்டன் காலத்துப் பண்டத்துக்கு நீங்கள் எல்லாம் எப்போது பங்காளி ஆனீர்கள் என்று சிரிப்பார். போர்த்துக்கீசியர் ஒரு மடித்த பலகாரத்தோடு கப்பலில் வந்தார்கள், வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளி இறைச்சியை மாவுக்குள் மடித்துக் கொண்டுபோனான், வடக்கே சமோசா இருந்தது, எல்லாம் துறைமுகத்தில் கலந்துவிட்டன என்று வசந்தாவின் டீச்சர் சொன்னாராம். எனக்குத் தோன்றுவது வேறு. உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட நேரமில்லாதவன் எவனோ, அவனுக்காக அவன் வீட்டுப் பொம்பளை செய்தது. அவள் பெயரை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.

சத்து விஷயத்தில் வசந்தா என்னைப் பாடாய்ப் படுத்துகிறாள். "அம்மா, இதுல மாவுச்சத்தும் கொழுப்பும்தான் இருக்கு. புரதமே இல்ல. பட்டாணி போடு, நெத்திலி வறுத்துப் பொடிச்சுப் போடு, சின்னப் பிள்ளைங்களும் சாப்பிடுதுல்ல" என்பாள். மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு கறிபப் தின்று ஒரு கோப்பி குடித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் நிற்கிறார்களே என்றால், "நிக்கிறாங்க, உடம்பு வளராதும்மா" என்பாள். நீ சின்ன வயசில் என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாள் கேட்டாள். கம்பங்கூழ், சோளச் சோறு, வெஞ்சனத்துக்கு உரித்த வெங்காயம் என்றேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கம்புல இரும்புச்சத்து இருக்கும்மா, மைதாவ விட அது எவ்வளவோ மேல்" என்றாள். அடிப் பாவி மகளே, நெல்லுச் சோற்றுக்கு ஏங்கிக்கொண்டு தின்றதற்கு இப்போது வந்து பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறாயா என்று சிரித்தேன். இந்த வருஷக் கடைசியில் அவளுக்குப் பெரிய பரீட்சை. தேறினால் மனையியல் டீச்சருக்குப் பயிற்சி. பட்டாணியும் நெத்திலியும் அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதித்துவிடுவாள்.

3

எங்கள் வீட்டில் சோமாசி என்பது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான். மைதா மாவு திண்டுக்கல்லுக்குப் போனால்தான் கிடைக்கும். அப்போது எல்லாமே பங்கீடு. கிடைத்த மாவில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அம்மா அடுக்குச் சோமாசி செய்வாள். மூன்று மெல்லிய வட்டம் தேய்த்து, இடையில் அரிசி மாவும் நெய்யும் குழைத்துத் தடவி, அடுக்கி, சுருட்டி, துண்டு போட்டு... மேலே சொன்ன கதையேதான். கடல் தாண்டி வந்த முதல் வாரம் மாமியார் என் முன்னால் கறிபப் மாவைச் சுருட்டியபோது எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை. கை தானாகப் போனது. அட, கெட்டிக்காரி என்றார்கள். அந்தப் பாராட்டோடு என்னைப் பின்கட்டில் நிறுத்தினார்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற ஏழெட்டு ஊர்களில் மட்டும் உள்ளது. திண்டுக்கல் டவுன்காரர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். குழம்பு வந்த கிண்ணத்தில் ஒரு கை அரிசியோ இரண்டு கத்தரிக்காயோ பேருக்குப் போட்டுக் கொடுப்போம். ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் பித்தளைத் தூக்குவாளியில் பலகாரம் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த வாளிக்கு மரியாதையே வேறு. சம்மதம் என்றால் மூடி உட்காராத அளவுக்கு நம் வீட்டுப் பலகாரத்தை நிறைத்து அனுப்ப வேண்டும். சம்மதம் இல்லை என்றால் கழுவித் துடைத்து வெறும் வாளி. வாய்விட்டு ஒருத்தரும் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற சங்கடம் வேண்டாம் என்று யாரோ நல்ல மனசோடு செய்துவைத்த ஏற்பாடு. பெண்ணைக் கேட்கிற சங்கடமும் அதிலேயே தீர்ந்துபோனது.

என்னைக் கேட்டு என் மாமனார் பினாங்கிலிருந்து வந்து வாளி வைத்தார். இரண்டு நாள் கழித்து அம்மா சோமாசிக்கு மாவு பிசைந்தாள். தீபாவளியும் இல்லை, ஒன்றும் இல்லை, எதற்கு இத்தனை என்று நான் கேட்கவே இல்லை. சோமாசி செய்கிறாளே என்ற சந்தோஷம் எனக்கு. உடைந்ததை வாயில் போட்டுக்கொண்டே மடித்தேன்.

"ஏ புள்ள, தின்னது போதும். இன்னும் செத்த நேரம் ஒக்காந்து மடி. வாளி நெறயணும்" என்றாள் அம்மா.

மடித்தேன். வாளி நிறைந்தது. என்னை இங்கே அனுப்பிவைத்த சோமாசியை நானேதான் மடித்தேன் என்பது கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் தீருவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

4

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பழனிச்சாமி அண்ணன் கடைக்கு வந்தார். ஒட்டன்சத்திரத்து வெங்காய வியாபாரி. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கப்பலில் வந்து போகிறவர். கையில் ஒரு தூக்குவாளி.

"ஏனுங்க, உங்க அண்ணன் குடுத்து உட்டாருங்க. சந்தையில என்னையப் பாத்து, பத்தரமாக் கொண்டு போயிக் குடுங்கன்னு சொன்னாருங்க" என்றார்.

எனக்கு ஒரே அண்ணன், சின்னராசு. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தக்காளியும் வெங்காயமும் போட்டு ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்புகிறவன். வாளியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அது அம்மாவின் வாளி. கிணற்றில் விழுந்து ஒரு பக்கம் ஒடுங்கிய வாளி. அந்த ஒடுக்கில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் நின்ற நிற்பில் உலகமே மறந்துவிட்டது. உள்ளே மதினி செய்த சோமாசி இருந்தது. மதினிக்கு மாவில் தாராளம், பூரணத்தில் சிக்கனம். இருந்தாலும் நாங்கள் ஒன்றுகூட விடாமல் தின்று தீர்த்தோம்.

தீபாவளிப் பலகாரம் அனுப்புகிறவன் தகர டப்பாவில் அனுப்புவான். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம், திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கடல் தாண்டிப் பித்தளை வாளி ஏன் வருகிறது? கூறு உள்ளவள் யோசித்திருப்பாள். நான் யோசிக்கவில்லை. அம்மாவின் வாளியை நான் பார்க்க வேண்டும் என்று அண்ணன் அனுப்பியிருக்கிறான் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

பழனிச்சாமி அண்ணன் கார்த்திகையில் திரும்பிப் போகிறார் என்றதும் வாளியைத் திருப்ப வேண்டும் என்ற யோசனை வந்தது. வெறும் வாளியாகவா கொடுப்பது? பேருக்கு நாலு போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எனக்கோ, நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை அண்ணன் தின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை. உருளைக்கிழங்குப் பூரணம் ஈரம். மறுநாளே ஊசிப்போகும், கப்பலுக்கு ஆகாது. அதனால் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கேட்டு, தேங்காய்த் துருவலை மிளகாயும் மல்லியும் சேர்த்து ஈரம் துளியும் இல்லாமல் சிவக்கச் சிவக்க வறுத்தேன். அரை நாள் வேலை. அதை வைத்துக் குட்டிக் குட்டிக் கறிபப்பாக மடித்தால் மாதக்கணக்கில் கெடாது.

வசந்தாவும் உட்கார்ந்து மடித்தாள். அவள் கை சுத்தம். அவள் பின்னிய ஓரம் எண்ணெயில் பிரிந்து நான் பார்த்ததில்லை. முக்கால் வாளி ஆனதும், "போதுமாம்மா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் மடிடி. வாளி நெறயட்டும்" என்றேன்.

சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. மூடி உட்காரவில்லை என்று ஒரு துணியை வைத்துக் கட்டி அனுப்பினேன்.

5

மாசியில் பழனிச்சாமி அண்ணன் மறுபடி வந்தார். கையில் அதே வாளி. உள்ளே மஞ்சள் கிழங்கு, குங்குமம், அரக்குச் சிவப்பில் ஒரு சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை.

"வைகாசியில மூர்த்தம் வெச்சுப் போடலாமுன்னு உங்க அண்ணன் சொல்லச் சொன்னாருங்க. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் எந் தங்கச்சி மொறைய மறக்காம நெறச்சு அனுப்பிச்சுட்டான்னு சந்தையில எல்லாருகிட்டயும் காட்டிக் காட்டிக் குடுத்தாருங்க. அத்தன பேரும் தின்னு பாத்தாங்க" என்றார்.

சேலையைப் பார்த்தேன். வாளியைப் பார்த்தேன். அம்மாடி என்று அப்படியே மாவுப் பலகை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் மகன் முத்துராசு. வசந்தாவுக்கு மாமன் மகன், உரிமை உள்ளவன். நல்ல பையன் என்றுதான் கேள்வி. தோட்டம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "தேடி அலஞ்சாலும் இப்படி அமையாதுடி. எல்லாருமாப் போயி முடிச்சுட்டு வந்துருவோம்" என்றார்.

எல்லாருமாப் போயி. அந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஒரு எட்டு ஊருக்குப் போய் வரலாமா என்று. "கல்யாணம் காட்சின்னாப் போகலாம். சும்மாப் போறதுக்கு எதுக்குடி கப்பல் காசு? பெட்டிக்குப் பின்னால யாரு நிக்கிறது?" என்பார். அது போக, என்னிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. அவருக்கும் வசந்தாவுக்கும் குடியுரிமைக்காரர்களின் நீலக் கார்டு. சிவப்புக்காரி வெளியே போனால் திரும்பி உள்ளே வர அனுமதி எழுதி வாங்க வேண்டும். நீலத்துக்கு மாறலாம் என்று ஒரு தடவை குடியுரிமை கேட்டுப் போனேன். மலாய் மொழியில் பேசச் சொன்னார்கள். சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கு நிற்கிற மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த அதிகாரி மரியாதையாக, உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டார். கிலோ என்ன விலை, புதுசா, நேற்றையதா, குறைத்துக் கொடு. இதைத் தவிர ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. என்னைப் பற்றிச் சொல்ல எனக்குத் தமிழிலேயே என்ன இருந்தது? இன்னும் கொஞ்சம் படித்துக்கொண்டு அடுத்த வருஷம் வாருங்கள் என்று எழுந்து நின்று அனுப்பினார். நான் அப்புறம் போகவே இல்லை.

இப்போது என் வீட்டுக்காரர் தானாகவே அலுவலகத்துக்குப் போய், என் மறுவரவு அனுமதிக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். பதினேழு வருஷம் பூட்டிக் கிடந்த கதவு, நான் நிறைத்த வாளியால் திறந்துகொண்டது. போகலாம். அண்ணன் வீட்டு வாசலில் இறங்கலாம். அம்மாவைப் புதைத்த இடத்தைப் பார்க்கலாம். ராத்திரியில் படுத்தால் திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குள் வந்து நின்றது. பொய் சொல்லமாட்டேன், எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் கதவு வழியாக நான் போய் வர வேண்டுமானால் என் மகளை அங்கே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்னால்.

6

வசந்தாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னேன். இருவரும் பலகைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தோம். வாளி வழக்கத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"நாம அனுப்பின கறிபப்பா? அத வெச்சா?"

"ஆமா."

"நானே மடிச்சனேம்மா."

"ஆமா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தால் பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலும் வரும், எனக்குப் புரியாது. அப்படித் திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் திட்டவில்லை. ஒரு வட்டத்தை எடுத்தாள், பூரணம் வைத்தாள், மடித்தாள்.

"கல்யாணம்னா நீ ஊருக்குப் போவியாம்மா?"

"போவேன்."

"இல்லன்னா?"

நான் இன்னொரு வட்டத்தைத் தேய்த்தேன். அவளே யோசித்துக்கொண்டாள்.

"அம்மாச்சி செத்தப்பவே நீ போகல. எனக்கு ஞாபகம் இருக்கும்மா. அழுதுக்கிட்டே பொரிச்ச." ஓரத்தைப் பின்னிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "உனக்குப் போகணும்னு ஆசையா இருந்தா, சரிம்மா. பரீட்சை... அங்க போயிக்கூட எழுதலாமோ என்னமோ."

எழுத முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் பொரித்தபோது அவள் மடித்ததெல்லாம் பிரிந்துகொண்டது. எண்ணெய் முழுக்க உருளைக்கிழங்கு. நான் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றேன். என் அம்மா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அம்மாவுக்காகச் சொல்லியிருப்பேன். அந்தச் சரிக்கு என்ன மதிப்பு? என் மகள் முழு மனசோடு முடியாது என்று சொல்லியிருந்தால் நான் அவளோடு சண்டை போட்டிருப்பேன், ஊர் ஆசையில் ஜெயித்தும் இருப்பேன். சரி என்று சொல்லி என்னைக் கட்டிப் போட்டுவிட்டாள்.

வாளியைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒடுக்கு விழுந்த இடத்தை இரண்டு தடவை தேய்த்தேன். துடைத்துக் கவிழ்த்தேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவர் அப்பா வைத்த வாளி நிறைந்து திரும்பித்தான் நான் இங்கே வந்தேன். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"என்னடி இது, வாளி காலியா இருக்கு?"

"காலியாத்தான் போகுது."

"உனக்குப் பைத்தியமா? கூடப் பொறந்தவன் மூஞ்சியில கரியப் பூசப் போறியா? நாளைக்கு நீ ஒண்ணுன்னா எவன்டி வருவான்?"

அது எனக்குத் தெரியாததா? நான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி கொண்டுவர உள்ளவன் அவன் ஒருத்தன்தான். சந்தையில் அத்தனை பேருக்கும் என் கறிபப்பைக் காட்டிக் காட்டிக் கொடுத்தவன். இனி அவன் வாயில் என் பெயர் வராது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரோஷம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

"எவனும் வர வேணாம்" என்றேன். "எம் புள்ள பரீட்சை எழுதட்டும்."

அவர் வாளியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரி மேல் போட்டார். கிழிக்கவில்லை. அது வரைக்கும் நல்ல மனுஷன்.

7

வாளியை ஒரு கையிலும், காகிதத்தில் சுற்றிய சேலையையும் மஞ்சளையும் இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு நானே பழனிச்சாமி அண்ணன் மூட்டை இறக்கி வைக்கிற வெங்காயக் கிட்டங்கிக்குப் போனேன். துறைமுகத்துக்குப் பக்கம். இந்த ஊரில் நான் தனியாக அவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான். கடல் பளபளவென்று கிடந்தது. பினாங்கு அழகான ஊர்தான். கேட்டவர்களுக்குச் சொல்லிவிட்டேன்.

பழனிச்சாமி அண்ணன் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார். வாளியை வாங்கியவர் கையை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, வாளி லேசா இருக்குதுங்களே."

"ஆமாங்க."

மூடியைத் திறந்து பார்த்தார். அவர் எங்கள் சொந்தம் இல்லை. ஆனாலும் இரண்டு தடவை அந்த வாளியைச் சுமந்த மனிதர், சந்தையில் நடந்ததைப் பார்த்தவர். விளங்கிவிட்டது.

"தெரிஞ்சுதானுங்களா அனுப்பறீங்க?"

"தெரிஞ்சுதானுங்க."

"வேணுமுன்னா நானு நாலு பெரிய வெங்காயத்த உள்ள போட்டு எடுத்துட்டுப் போறேனுங்க. பேருக்கு. வெறும் வாளியாப் போனா உங்க அண்ணன் தாங்கமாட்டாருங்க."

மனசு ஒரு நொடி ஆடியது. நாலு வெங்காயம். அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று இழுத்துக்கொண்டே போகலாம். அண்ணன் இன்னும் ஒரு மாதம் காத்திருப்பான். என் வீட்டுக்காரர் கப்பல் தேதி விசாரிப்பார். என் மகள் இன்னும் ஒரு தடவை சரிம்மா என்பாள்.

"வேண்டாங்க. அப்படியே குடுத்துருங்க" என்றேன்.

"என்ன சொல்லட்டுமுங்க?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. வாளியக் கையில குடுத்தாப் போதும்."

திரும்பி வந்தேன். பின்கட்டில் வசந்தா தனியாக மாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புத்தகம் திறந்து கிடந்தது. என் வெறும் கையைப் பார்த்தாள். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். "இன்னிக்கு நெத்திலிப் பொடி போட்டிருக்கேன், அப்பாகிட்டச் சொல்லிடாதே" என்றாள். மடித்தேன். பொரித்தபோது அவள் ஓரம் ஒன்றும் பிரியவில்லை.

ஆகவே, தைலம் கேட்ட மகராசிக்குச் சொல்லுங்கள், வைகாசியில் நான் வரவில்லை. ஆனியிலும் இல்லை, ஆடியிலும் இல்லை. இதை நீங்கள் படிக்கிற நேரம் வாளி போய்ச் சேர்ந்திருக்கும். அண்ணன் மூடியைத் திறந்திருப்பான். உங்களில் யாராவது அவனைச் சந்தையில் பார்த்தால், தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று தயவுசெய்து அவனிடம் கேட்டுவிடாதீர்கள்.